கடை வாசல் தளம்: போடுவது ஒருமுறை, மிதிபடுவது தினமும்

ஷட்டருக்கு உள்ளே இருப்பதைத்தான் நாம் கடை என்று கணக்குப் போடுகிறோம். ராக்கைக்குச் செலவு செய்கிறோம், மின்னணுத் தராசுக்குச் செலவு செய்கிறோம், விளக்குக்குச் செலவு செய்கிறோம். வாடிக்கையாளர் முதலில் கால் வைக்கிற இடமான வாசல் தளத்தை மட்டும், கடை திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இரவில், மிச்சமிருக்கிற கலவையைக் கொட்டி இழுத்து விடுகிறோம். ஆறு மாதத்தில் வெடிப்பு, ஒரு வருடத்தில் பள்ளம், அதற்கு மேல் இரண்டு உடைந்த கிரானைட் துண்டு. மூட்டை இறக்குகிறவர் கால் மடங்குவதும், எண்ணெய் வாங்க வந்த அம்மா சறுக்கி விழுவதும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்திருப்பவருக்குக் கீழே பார்க்க முடியாது. தளம் எப்படி இருக்கும் என்று அவர் நம்மை நம்பித்தான் கால் வைக்கிறார்.

நம் குன்றத்தூர் பஜாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பாருங்கள். ஒரு கடை வாசல் சாலையிலிருந்து அரை அடி உயரம், அடுத்தது ஒன்றரை அடி, அதற்கடுத்தது சாலையை விடப் பள்ளம். இவற்றில் ஏறி இறங்க முடியாதவர் என்ன செய்வார்? சாலையில் இறங்கி நடப்பார். அந்தச் சாலையில்தான் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை லாரிகளும், வெளிவட்டச் சாலைக்குப் போகிற டிப்பர்களும், பல்லாவரம், போரூர் பேருந்துகளும் வருகின்றன. கிருத்திகை நாளில் மலைக்கோயிலுக்கு வருகிற கூட்டத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021இல் நகராட்சி ஆகிவிட்டது. நம் வாசல்கள் இன்னும் கிராமத்துத் திண்ணைக் கணக்கிலேயே நிற்கின்றன. இடுப்பில் குழந்தையுடன் லாரிக்கும் நம் படிக்கும் நடுவே ஒடுங்கிப் போகிற பெண்ணுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் ஒரு முழம்கூட இல்லை. இதை அதிகாரிகள் சொல்லி நாம் கேட்பதை விட, நமக்குள் நாமே பேசிக்கொள்வது நல்லது.

எல்லைக்கல் எங்கே?

சிமெண்டு வாங்குவதற்கு முன்னால் பட்டாவையும் வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஷட்டருக்கு முன்னால் இருக்கிற இடமெல்லாம் நம்முடையது அல்ல. நம் ஊரின் முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானவை. சாலை விளிம்பும் வடிகாலும் அரசு நிலம். அங்கே தளமோ படியோ போட்டால், 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. என்றைக்காவது பொக்லைன் வரும். வரும்போது நம் எல்லைக்குள் இருக்கிற நல்ல தளத்தையும் சேர்த்துப் பெயர்த்து விட்டுத்தான் போகும். நடைபாதையில் இடையூறு இல்லாமல் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இனிமேல் இதில் நெகிழ்வு குறையுமே தவிர கூடாது.

நடப்பதற்கென்று தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு. நம் பஜாரில் அவ்வளவு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நம் எல்லைக்குள் இருக்கிற நாலடி, ஐந்தடியை நடக்கும்படி வைத்தாலே பாதி சிக்கல் தீரும். சரக்கு அட்டிகளையும் விளம்பரப் பலகையையும் அதன் மேல் வைப்பதில்லை என்று வரிசையில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் இது நடக்கும். ஒருவர் மட்டும் உள்ளே எடுத்து வைத்தால், பக்கத்துக் கடைக்காரரின் தக்காளிக் கூடை அந்த இடத்திற்கு வந்துவிடும். இது மனித இயல்பு, கோபப்பட்டுப் பயனில்லை.

வடிகாலின் மேல் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். கட்டாயம் கடக்க வேண்டியிருந்தால், நகராட்சியிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு ஆள் தூக்கி எடுக்கக்கூடிய மூடிப் பலகைகளாகத் தனித்தனியே வார்த்துப் போடுங்கள். தூர் வாரும்போது திறந்து மூடலாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் பாய்ந்து அடையாற்றில் சேர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் அதை நினைவூட்டியது. ஆற்று வெள்ளத்தை நம் வாசல் தளம் தடுக்காது. ஆனால் சாதாரண அடைமழைக்கே பருப்பு மூட்டை நனைகிறது என்றால், பெரும்பாலும் காரணம் நாம் மூடி வைத்த வடிகால்தான்.

மட்டம் எவ்வளவு?

புதுத்தார் போடப்போட சாலை உயர்ந்து கொண்டே வந்தது. கடைகள் குழிக்குள் போயின. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கும் என்று நம்பி மட்டத்தைக் குறைத்து விடவும் வேண்டாம். பயந்துபோய் இரண்டடி ஏற்றவும் வேண்டாம். வாசல் தளத்தின் வெளி விளிம்பு சாலையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் உயரம் தேவையென்றால் அதைக் கடையின் உள்தளத்தில் வையுங்கள், வாசலில் வேண்டாம்.

வாட்டம் அடிக்கு கால் அங்குலம். எட்டடி ஆழமுள்ள வாசலுக்கு இரண்டு அங்குலம் சாலைப் பக்கம் இறங்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்யும் மேஸ்திரியை நம்பாதீர்கள், டியூப் லெவல் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். தள்ளுவண்டியும் டிராலியும் ஏறுவதற்குச் சாய்தளம் வைத்தால், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அதே அளவுதான். இடம் இல்லையென்று இரண்டடியில் சறுக்குப் பலகை போல வைத்தால் மழை நாளில் யாராவது விழுவார்கள். சாய்தளத்தையும் நம் எல்லைக்குள்ளேயே முடிக்க வேண்டும், சாலைக்குள் நாக்கு நீட்டக்கூடாது.

அடித்தளம்

தளம் உடைவதற்குச் சிமெண்டைத் திட்டுவது வழக்கம். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு தளம் கீழே இருக்கிற மண்ணால் உடைகிறது. நம் பகுதியில் புதுக் கடைகள் பல பழைய நஞ்சை வயலிலும் ஏரிப் பாசன நிலத்திலும் எழுந்தவை. களிமண் கோடையில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதன் மேல் நேரடியாக நாலு அங்குலக் கான்கிரீட் போட்டால், அது காற்றில் நிற்கிற பலகைதான்.

முதலில் மேல் மண்ணை ஓர் அடியாவது வெட்டி எடுங்கள். செடி வேர், பழைய பிளாஸ்டிக் பை, கட்டட இடிபாட்டுக் குப்பை எதுவும் இருக்கக்கூடாது. பிறகு கிராவல் அல்லது நல்ல சவுடு மண்ணை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு கொண்டு இடிக்க வேண்டும். சிறிய அதிர்வு இடிப்பு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, அரை நாள் வாடகை பெரிய தொகை அல்ல. மொத்த மண்ணையும் ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இடிப்பது ஏமாற்று வேலை. கீழ் அடுக்கு இறுகாது. இடித்து முடித்ததும் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் இடிக்க வேண்டும். அதன் மேல் மூன்று, நான்கு அங்குலம் ஒன்றரை ஜல்லியும் கிரஷர் துகளும் கலந்து பரப்பி இறுக்கினால் தளத்துக்கு நல்ல படுக்கை கிடைத்துவிடும். கான்கிரீட் போடும் முன் அதை நனைத்து விடுங்கள், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை அது குடித்துவிடும்.

கிராவல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர், இந்தியாவின் பழைய கற்காலக் கருவி ஒன்றை முதன்முதலாகக் கண்டெடுத்தது நம் பக்கத்துப் பல்லாவரத்தில், ஒரு கிராவல் பள்ளத்தில்தான். அந்த ஊர்ப் பாறைக்கு உலக நிலவியல் நூல்களில் ‘சார்னோகைட்’ என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறை என்பதால் 1893இல் ஹாலந்து என்பவர் அப்படிப் பெயரிட்டார். சிக்கராயபுரம் குவாரிகளில் உடைத்த கல் சென்னைக் கட்டடங்களுக்குள் போயிற்று. குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை 2017 வறட்சியில் சென்னை குடித்தது. ஜல்லிக்குப் பேர்போன மண்ணில் இருந்துகொண்டு மண்ணும் தூசியும் கலந்த ஜல்லியை வாங்கிப் போடுவது நமக்கு அழகல்ல. லோடு வந்ததும் ஒரு கை ஜல்லியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் சேறாக மாறினால் அந்த லோடைக் கழுவிப் பயன்படுத்துங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள்.

கலவையும் தண்ணீரும்

சிமெண்டு நமக்குப் புதிய சரக்கு அல்ல. 1982இல் பாதிக் கட்டுப்பாடும் 1989இல் முழுக் கட்டுப்பாடும் நீங்கும் வரை, பத்து மூட்டைக்குப் பெர்மிட்டுக்காக அலைந்த காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் சிமெண்டு செய்ய முதலில் முயன்றதும் நம் சென்னையில்தான், 1904இல். அந்த ஆலை நிலைக்கவில்லை. இப்போது கேட்ட நேரத்தில் கிடைக்கிறது. அதனாலேயே யாரும் மூட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. மூட்டையில் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்திருக்கும். மைதாவுக்கும் ரவைக்கும் தேதி பார்க்கிற நாம் சிமெண்டுக்கும் பார்க்கலாமே.

மனிதர் நடக்கவும் இருசக்கர வண்டி நிற்கவும் நாலு அங்குல கனம் போதும். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் ஜல்லி. பொறியாளர்கள் எம்-20 என்று சொல்வது இதைத்தான். 12 அடி அகலமும் 8 அடி ஆழமும் உள்ள ஒரு வாசலுக்கு நாலு அங்குல கனத்தில் 32 கனஅடி கான்கிரீட் வரும். ஒரு மூட்டைச் சிமெண்டுக்குச் சுமார் 4.4 கனஅடி கான்கிரீட் தேறும் என்பதால் ஏழேகால் மூட்டை. சேதாரம் சேர்த்து எட்டு மூட்டை. மணல் 14 கனஅடி, ஜல்லி 27 கனஅடி. ஐந்து மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் உங்களுக்கு லாபம் செய்து தரவில்லை.

அளப்பதற்குச் சட்டிக் கணக்கு வேண்டாம். ஒரு மூட்டைச் சிமெண்டு 35 லிட்டர் கொள்ளளவு. அதே அளவில் ஒரு பெட்டி அடித்துக் கொள்ளுங்கள். அளக்கும்போது கவனிக்க வேண்டியது ஈரமணல். ஆற்றுமணல் லேசாக ஈரமாக இருக்கும்போது அளவில் கால் பங்கு வரை உப்பித் தெரியும். படியளவில் உப்பு விற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தண்ணீர் ஒரு மூட்டைக்கு 30 லிட்டர், அதற்கு மேல் கூடாது. மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கலவை கட்டியாக இருந்தால் ஆட்களுக்கு இழுப்பது கஷ்டம். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாளி ஊற்றுவார்கள். கலவை சாம்பார் போல ஓடும், வேலை சீக்கிரம் முடியும், தளம் கண்ணாடி போல வரும். அந்த அதிகத் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது விட்டுச் செல்கிற நுண்துளைகள்தான் பின்னாளில் வெடிப்பும் தூசியும். தண்ணீர் வாளியின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு முதலாளியே உட்காருவதை விடச் சிறந்த மேற்பார்வை இல்லை. கலந்த கலவையை அரை மணிக்குள் போட்டுவிட வேண்டும். டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்து இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்குவதை அனுமதிக்காதீர்கள்.

மேலே தேங்கும் சிமெண்டுப் பாலை உலர்த்துவதற்காக வெறும் சிமெண்டுப் பொடியைத் தூவித் தேய்ப்பது ஒரு கெட்ட பழக்கம். ஒரு வருடத்தில் அந்த மேல்தோல் அப்பளம் போல உரியும். பால் தானாக வற்றும் வரை காத்திருந்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, கடைசியில் தென்னந்துடைப்பத்தை வாட்டத்துக்குக் குறுக்கே ஒரே சீராக இழுத்தால் போதும். கால் சறுக்காது. பளபளப்பான டைல்ஸும் கிரானைட்டும் நகைக்கடைக்கு இருக்கட்டும். கடலை எண்ணெய் சிந்துகிற மளிகைக் கடை வாசலுக்கு அவை ஆபத்து.

ஆறு கடை, ஒரு லாரி

தனித்தனியாகப் போடுவதில் உள்ள நட்டத்தைக் கணக்குப் பாருங்கள். ஒரு வாசலுக்கு 32 கனஅடி. ஆறு கடை சேர்ந்தால் 192 கனஅடி, அதாவது ஏறத்தாழ 5.4 கனமீட்டர். ஆறு கனமீட்டர் ஏற்றுகிற ஒரு ரெடிமிக்ஸ் லாரிக்கு இது சரியான லோடு. அளந்து கலந்த, சோதனைச் சான்று உள்ள கலவை, கைக்கலவை ஆட்கூலி இல்லாமல் வந்து இறங்கும். ஒரே நாளில், ஒரே மட்டத்தில், ஒரே வாட்டத்தில் எழுபது அடிக்கு மேல் நீளமான நடைதளம் கிடைக்கும். ஒரு கடைக்கு மட்டும் ரெடிமிக்ஸ் கேட்டால் லாரி வராது, வந்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. லாரியோடு வருகிற ஓட்டுநரும் இறக்குவதற்கு வசதியாகத் தண்ணீர் விடச் சொல்லுவார். அதையும் மறுத்துவிட வேண்டும்.

இதில் தடையாக வருவது பணம் அல்ல, மட்டம்தான். ‘என் கடை உன் கடையை விட இரண்டு அங்குலம் உயரம் இருக்கட்டும்’ என்கிற எண்ணம். வாசலுக்கு வாசல் இரண்டு அங்குலம் என்றால் அந்த இரண்டு அங்குலத்தில்தான் கால் தடுக்கும். சங்கத்தின் தெருக் கிளைகள் இதைக் கையில் எடுத்தால் நல்லது.

வெடிப்பை நாமே தீர்மானிப்பது

கான்கிரீட் வெடிக்காமல் இருக்காது. உலரும்போது சுருங்கும், மே மாத வெயிலில் நீளும். முப்பது அடி நீளத் தளம் முப்பது டிகிரி வெப்ப மாற்றத்தில் எட்டில் ஒரு அங்குலம் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. அது எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இணைப்புக் கோடு. நாலு அங்குலத் தளத்தில் எட்டடி முதல் பத்தடிக்குள் ஒரு கோடு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, அதாவது ஓர் அங்குலம் வெட்டப்பட வேண்டும். கட்டங்கள் கூடியவரை சதுரமாக இருக்கட்டும். நாலடி அகலமும் இருபது அடி நீளமுமான பட்டை நடுவில் தானாக முறியும். இயந்திரத்தால் வெட்டுவதானால் போட்ட அன்று இரவோ மறுநாள் காலையோ வெட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்பவர் வருவதற்குள் வெடிப்பு வந்திருக்கும். பழைய மேஸ்திரிகள் சதுரங்கப் பலகை போல ஒன்று விட்டு ஒரு கட்டமாகப் போட்டு, மறுநாள் இடைக் கட்டங்களை நிரப்புவார்கள். நல்ல முறை, மெனக்கெடத்தான் வேண்டும்.

கடைச் சுவர், தூண், மின்கம்பம், சாக்கடை மூடி ஆகியவற்றைத் தளம் நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் அரை அங்குல தெர்மோகோல் அல்லது தார் அட்டை வைத்து விடுங்கள். சுவர் ஒரு பக்கம் இறங்கும், தளம் ஒரு பக்கம் இறங்கும். இரண்டையும் ஒட்ட வைத்தால் இரண்டும் உடையும்.

சாக்கும் சர்க்கரையும்

தண்ணீர் கட்டுவதுதான் எல்லோரும் கைவிடுகிற வேலை. சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கிற சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள், முடிந்தால் 14 நாள். காலை மாலை ஒரு குடம் தெளித்தால் போதாது, இடையில் காயவே கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். வாட்டமான தளத்தில் அது நிற்காது என்பதால் சணல் சாக்கு விரித்து நனைத்து வைப்பதே நமக்கு வசதி. சாக்குக்கு மளிகை வியாபாரியிடமா பஞ்சம்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை, வெல்லம் வந்த சாக்கை எடுக்காதீர்கள். சர்க்கரை சிமெண்டுக்கு எதிரி. ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 50 கிராம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகும் நேரம் பல மணி தள்ளிப் போகும்; கூடினால் இறுகாமலே கிடக்கும். வெல்லம் அள்ளிய சட்டியில் கலவை அள்ளக்கூடாது, பானகம் கரைத்த டிரம்மில் தண்ணீர் வைக்கக்கூடாது. அரிசிச் சாக்கோ பருப்புச் சாக்கோ அலசிப் பயன்படுத்துங்கள்.

இறுகிய பிறகும் நம் சரக்கு தளத்தைத் தின்னும். வெல்லப்பாகு, புளித்தண்ணீர், ஊறுகாய் டிரம் கசிவு, தேங்காய் எண்ணெய் எல்லாம் கான்கிரீட்டை மெல்ல அரிக்கும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. உப்பு வியாபாரிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்பு நீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். நடைதளத்துக்குக் கம்பி அவசியமே இல்லை. அடித்தளமும் இணைப்புக் கோடும் சரியாக இருந்தால் போதும். உப்பு மண்டி வாசலில் கம்பி போடாமல் இருப்பதே நல்லது.

லாரி ஏறும் இடம்

மண்டிகளுக்கும் குடோன்களுக்கும், சிட்கோ பட்டறைகளுக்கும் கணக்கு வேறு. 2018இல் மத்திய அரசு, நாலு டயர் அச்சு ஒன்றுக்கான எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அந்தச் சுமை உங்கள் தளத்தின் ஓரத்தில் ஏறுகிறது. சிறு சரக்கு வண்டி மட்டும் வருமானால் ஐந்து அங்குலம். லாரி பின்னால் ஏறி நிற்குமானால் குறைந்தது ஆறு, தினமும் வந்தால் எட்டு அங்குலம், எம்-30 தரத்தில் ரெடிமிக்ஸ். கனத்தைக் கூட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு அங்குலத்தை ஆறாக்கினால் சரக்குச் செலவு ஒன்றரை மடங்கு, வளைவைத் தாங்கும் வலுவோ இரண்டேகால் மடங்கு. சாலையை ஒட்டிய விளிம்பை இன்னும் மூன்று அங்குலம் தடிப்பாக வையுங்கள், முதலில் உடைவது அதுதான். கம்பி வலை போடுவதானால் அது தளத்தின் மேல் பாதியில் நிற்க வேண்டும். தரையில் பரப்பிவிட்டு மேலே கான்கிரீட் கொட்டிய கம்பி மண்ணுக்குத்தான் காவல்.

பேவர் பிளாக் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ இனிமேல்தான் வரவிருக்கிற தெருவில் அதுவே புத்திசாலித்தனம். தோண்டும்போது எடுத்து மறுபடி அடுக்கலாம். நடக்க 50 மில்லிமீட்டர், சிறு வண்டிக்கு 60, லாரிக்கு 80 அல்லது அதற்கு மேல் கனம் உள்ளதாக வாங்க வேண்டும். கலரைப் பார்த்து வாங்கினால் மூலை உதிரும். இரு பக்கமும் கான்கிரீட் விளிம்புக்கட்டை இல்லாமல் அடுக்கினால் ஒரு மழைக்காலத்தில் கலைந்துவிடும்.

எப்போது, யார் பணத்தில்?

மே 5 வணிகர் தினத்துக்குக் கடை மூடுகிறோமே, அன்றே போட்டு விடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அக்கினி நட்சத்திரத்தில் பகலில் போட்ட கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேலே வெடித்துவிடும். பொங்கல் வியாபாரம் முடிந்த தை கடைசி, மாசி மாதம் நல்ல காலம். கோடையில் போட்டே ஆக வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு மேல். கடையை மூடவும் தேவையில்லை. வாசலைப் பாதி பாதியாகப் போட்டு, மறு பாதியில் பலகை வைத்து வாடிக்கையாளரை விடலாம்.

நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். கட்டட உரிமையாளரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, செலவை வாடகையில் கழிப்பதா, அட்வான்ஸில் சேர்ப்பதா என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருப்பது ஓர் ஆறுதல். இந்தச் செலவை அசையாச் சொத்தாகக் கணக்கில் ஏற்றினால் உள்ளீட்டு வரி கிடைக்காது என்பதால், பில்லை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

காண்ட்ராக்டரிடம் முழுத்தொகையையும் உடனே கொடுக்க வேண்டாம். 1891இல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துப் பெல்ஃபொன்டெய்ன் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பார்த்தலோமியு என்பவர் முதல் கான்கிரீட் தெருவைப் போட முன்வந்தபோது, ஊரார் நம்பவில்லை. ஐந்தாண்டு உழைக்கும் என்பதற்கு அவரே 5,000 டாலர் பிணைத்தொகை கட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கினார். அந்தத் தெரு நூறாண்டு கடந்தும் இருக்கிறது. நம் ஊர்க் காண்ட்ராக்டர் பிணை கட்ட மாட்டார். பத்தில் ஒரு பங்கையாவது ஒரு மழைக்காலம் முடியும் வரை நாம் பிடித்து வைக்கலாம். இதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத் தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்ட மறுநாளைக்கு மறுநாள் ஆட்கள் நடக்கலாம். இருசக்கர வண்டி ஏழு நாள் கழித்து. ஏழு நாளில் கான்கிரீட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வலுதான் வந்திருக்கும்; ஆகவே லோடு லாரி 28 நாள் வரை கூடாது. அந்த நாலு வாரத்துக்கு லாரியைத் தெருமுனையில் நிறுத்தி டிராலியில் இறக்கிக்கொள்ள, இறக்குக்கூலி கொஞ்சம் கூடும் என்று லோடுமேன்களிடம் முன்பே பேசி வையுங்கள்.